தண்ணீர்ச் சட்டி சீக்கிரம் காலியானால்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரஸ்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து கொடுத்ததெல்லாம் மனிதர்களுக்குத்தான். மிருக டாக்டர் இல்லை. ஆனாலும் டவுனுக்குக் குடிவந்த பிறகும், "டிரஸ்சர் ஐயா, நாய் சதா தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கு, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயை உறுதி செய்வதும் மருந்து எழுதுவதும் வெட் என்கிற மிருக டாக்டரின் வேலை. அவரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் பார்க்க வேண்டியதும், போய்வந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியதும் நம் தலையில்தான் விழும். அதில் பாதியைச் சரியாகச் செய்தாலே டாக்டருக்கு வேலை சுலபம், உங்களுக்கும் பணம் மிச்சம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ஒளித்து வைக்காதீர்கள். ராத்திரி ஐந்தடி நடைபாதையெல்லாம் மூத்திரமாகக் கிடக்கிறது என்று, சாயங்காலமே சட்டியைக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். நாய் நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கதை தலைகீழ். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது. இழந்ததை ஈடுகட்ட நாய் ஓடி ஓடிக் குடிக்கிறது. அதன் சட்டியைக் கவிழ்த்தால் மூத்திரம் நிற்காது, நாய்தான் வறண்டுபோகும். அதனால்தான் கிண்ணத்தைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட மூத்திரத்தைப் பார்த்து யோசிக்கச் சொல்கிறேன்.

அளந்து பாருங்கள்

நம் ஊர் வெயிலில் எந்த நாயும் மூச்சிரைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும். நேற்றுக் கருவாட்டுக் குழம்புச் சோறு போட்டிருந்தால் இன்று கூடுதலாகக் குடிக்கும். ஈரச் சோறு தின்ற நாயை பாக்கெட் தீனிக்கு மாற்றினாலும் குடிப்பது கூடும். அதனால் 'நிறைய' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு வேண்டும்.

ஒரு நாய் ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 மில்லி வரை குடிப்பது சாதாரணம். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது நோய்க் கணக்கில் சேரும். பத்துக் கிலோ நாய் என்றால் ஒரு லிட்டர். இடையில் நிற்கிற நாயை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. வழக்கமாக அரை லிட்டர் குடித்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று முக்கால் லிட்டர் குடித்தால் அதுவும் செய்திதான்.

எடை தெரியாது என்பார்கள். நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள். தூக்க முடியாத அளவு பெரிய நாய் என்றால் மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

காலையில் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டிலை நிரப்பி, அதிலிருந்துதான் சட்டிக்கு ஊற்ற வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குச் சட்டியில் மிஞ்சியதைக் கழித்துக் கணக்கிடுங்கள். இதில் ஏமாறுகிற இடம் வேறு: பூந்தொட்டித் தட்டு, துணி ஊறுகிற வாளி, குளியலறைத் தொட்டி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய். அதையெல்லாம் மூடாமல் அளந்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகக் கட்டிப்போடுங்கள். ஒருநாள் கணக்கை நம்பாமல், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பார்த்து சராசரி எடுங்கள். சோறோடு கலந்து போகிற தண்ணீரையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூத்திரம் பிடிப்பது

காலையில் முதலில் போகிற சிறுநீர்தான் வேண்டும். ராத்திரி முழுக்கச் சிறுநீரகம் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்தது என்பது அதில்தான் தெரியும்.

ஆண் நாய் சுலபம். வழக்கமாகக் காலைத் தூக்குகிற கார் டயருக்கோ வேலிக் கம்பத்துக்கோ கூடவே நடங்கள், நீள அகப்பையை பக்கவாட்டில் நீட்டுங்கள். பெண் நாய் தரையோடு தரையாகக் குந்தும், அகப்பை உள்ளே நுழையாது. அதற்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி மாதிரித் தட்டையான ஒன்று போதும். முன்கூட்டியே தள்ளினால் எழுந்து நின்று உங்களையே முறைத்துப் பார்க்கும். குந்தி, போக ஆரம்பித்த பிறகு பின்பக்கத்திலிருந்து மெதுவாக நுழைக்க வேண்டும். முதல் துளிகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிப்பது நல்லது. இரண்டு மேசைக்கரண்டி அளவு கிடைத்தால் தாராளம். சோப்பு வாசம் இல்லாத, காய்ந்த குப்பியில் ஊற்றி, சீக்கிரம் கிளினிக்கில் சேர்த்துவிடுங்கள். நேரமாகும் என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டம்மா பார்க்காத தட்டில்.

கையுறை போடாமல் இதைச் செய்யாதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லை. ஆந்தைக் கூடு வைத்து வளர்ப்பதே அதற்காகத்தான். எலி மூத்திரத்தில் பரவுகிற லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நாய் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரும். 'கென்சிங் தீக்குஸ்' என்று மலாயில் சொல்கிறார்களே, அதுதான். நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும்போது அதிகத் தாகமும் ஒரு அடையாளம். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று கூட இருந்தால் அளந்துகொண்டு உட்காராமல் உடனே கிளம்ப வேண்டும்.

சிறுநீரை வைத்து இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, ஃபார்மசியில் விற்கிற சோதனைப் பட்டை. அதில் சர்க்கரைக் கட்டத்தையும் கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது வருகிற கழிவு) கட்டத்தையும் மட்டும் நம்புங்கள். அடர்த்திக் கட்டமும் வெள்ளை அணுக் கட்டமும் மனிதனுக்காகச் செய்தவை, நாய்க்குச் சரியாக வராது. அடர்த்தியை கிளினிக்கில் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீர் 1.000 என்று வைத்துக்கொண்டால், காலைச் சிறுநீர் 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, உங்கள் பயத்தில் பாதி தேவையில்லாதது. அப்படி இருந்தும் பட்டையில் சர்க்கரை தெரிந்தால் அந்த நிம்மதி செல்லாது, ஏனென்றால் சர்க்கரையே அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். 1.008 முதல் 1.012 வரை நின்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் கீழே, தண்ணீர் மாதிரியே வந்தால், சிறுநீரகத்துக்கு வேலை தெரிகிறது, ஆனால் மேலேயிருந்து வரும் உத்தரவில் கோளாறு. ஹார்மோன் நோய்கள் பல அந்த இடத்தில்தான் பிடிபடும்.

பட்டையில் சர்க்கரை தெரிந்தால்

நம் வீடுகளில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத குடும்பமே குறைவு என்பதால் இதை விளக்க எனக்குச் சிரமமில்லை. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமோலைத் தாண்டினால் நாயின் சிறுநீரகம் அதைத் தாங்காமல் மூத்திரத்தில் விட்டுவிடும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நாய் நன்றாகத் தின்னும், நிறையக் குடிக்கும், ஆனாலும் முதுகெலும்பு தெரிய இளைக்கும். நடுவயதைத் தாண்டிய நாய்களிடம், குறிப்பாகக் கருப்பை எடுக்காத பெண் நாய்களிடம், இதை நிறையப் பார்க்கலாம். தீபாவளிக்கு ஆட்டுக் கொழுப்பை மொத்தமாகத் தின்றுவிட்டு கணையம் வீங்கிப்போன நாய்க்கும், அந்த வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால், பின்னாளில் இது வரலாம்.

சர்க்கரையும் கீட்டோனும் இரண்டுமே பட்டையில் ஏறி, நாய் தின்னாமல் சுருண்டு கிடந்தால் அது அவசர கேஸ். காலை வரை பொறுக்காதீர்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து மூத்திரத்தில் மட்டும் சர்க்கரை போனால், கோழிக்கறி காயவைத்து பாக்கெட்டில் வருகிற ஜெர்க்கி தின்பண்டம் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்பார். சிறுநீரகக் குழாய்களை அது கெடுத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நிறுத்தினால் பல நாய்கள் தேறிவிடும்.

இனி இன்சுலின். பாட்டியின் மெட்ஃபார்மின் மாத்திரையை உடைத்துச் சோற்றில் வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கூடாது. இனிப்பு நீர் உள்ள மனிதர்களில் பெரும்பாலானோருக்கு இன்சுலின் இருந்தும் வேலை செய்யவில்லை. இந்த நோய் வந்த நாய்க்குக் கணையத்தில் இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. மாத்திரை அங்கே எதற்கு உதவும்? பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் அப்படித்தான். ஊசி ஒன்றுதான் வழி, அதுவும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 1889இல் நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்துத்தான் இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்துகொண்டார்கள். 1921இல் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பரிசோதித்ததும் நாய்களிடம்தான். அதனால் நாய்க்கு ஊசி போடுவதை யாராவது ஆடம்பரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஊசியில் உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். மிருகங்களுக்கென்று வருகிற கேனின்சுலின் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதருக்கான இன்சுலாடார்ட் போன்றவற்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. 40க்கானதில் சிவப்பு மூடியும் 100க்கானதில் ஆரஞ்சு மூடியும் இருப்பது வழக்கம், ஆனால் நிறத்தை நம்பாமல் குழாயில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பத்துக் கிலோ நாயைக் கொல்ல அது போதும். தலைகீழாகச் செய்தால் பத்துக்குப் பதில் நாலு யூனிட்தான் போகும்; நாய் சாகாது, ஆனால் வாரக்கணக்கில் சர்க்கரை இறங்காமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். வீட்டில் தாத்தாவுக்கு வைத்திருக்கிற மருந்தும் நாய் மருந்தும் குளிர்பெட்டியில் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. நாய்க்கானதை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடி வைக்கச் சொல்வேன். உறைய விடாதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. போடுவதற்கு முன் மருந்தைக் குலுக்குவதா, உள்ளங்கையில் உருட்டுவதா என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் தாளில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்.

அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட்டில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். போடும் முறை: முதலில் சோறு, தின்று முடித்ததும் ஊசி. விலாப்பக்கத்தில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பின் அடியில் ஊசியை நுழைத்து, மெதுவாக அழுத்துங்கள். காலையில் இடது பக்கம் என்றால் இரவில் வலது பக்கம். ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து ரோமத்தில் போய்விட்டதா என்று விரலால் தடவி மோந்து பாருங்கள், மருந்து வாசம் வரும். போனதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போடாதீர்கள். ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை கூடும், அவ்வளவே. இரட்டிப்பானால் நாய் பிழைக்காமல் போகலாம். தின்னவில்லை என்றால் முழு அளவு போடாமல் டாக்டருக்குப் போன் அடியுங்கள்.

சர்க்கரை இறங்கிப்போனால் நாய் தள்ளாடும், நடுங்கும், சுவரையே வெறித்துப் பார்க்கும், வலிப்பும் வரலாம். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தேயுங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதிய சிரப் எதுவும் வேண்டாம். அதில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம். தெளிந்ததும் சோறு கொடுத்து, தூக்கிக்கொண்டு கிளினிக்குப் போங்கள்.

மனிதருக்கான குளுக்கோமீட்டரில் காது ஓரத்து ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். டாக்டரின் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் நல்ல மீட்டர் அந்த மினரல் வாட்டர் பாட்டில்தான். சிகிச்சை சரியாகப் போனால் குடிக்கும் அளவு இறங்கும். சாப்பாடு நாளொரு வகையாக இல்லாமல் ஒரே தீனி, ஒரே அளவு, ஒரே நேரம். பெண் நாய் என்றால் நிலைமை கொஞ்சம் சீரானதும் கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிடுங்கள்; பருவத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் சுரக்கிற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஊசி போட்டாலும் பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணில் புரை விழும். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், பார்வை போகிறபோது உங்களை நீங்களே திட்டிக்கொள்ள மாட்டீர்கள். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாமல் இருந்தால் குருட்டு நாய் நன்றாகவே நடமாடும்.

சர்க்கரை இல்லை, ஆனால் தாகம் நிற்கவில்லை

ஆபரேஷன் செய்யாத பெண் நாயா? பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதம் ஆகிறதா? மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கருப்பையில் சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சீழ் ஒழுகினால் தெரிந்துவிடும். ஒழுகாமல் உள்ளேயே அடைபட்டால்தான் இன்னும் ஆபத்து. சோர்வு, வாந்தி, வயிறு பெருத்தல், தாகம். இதற்கு மருந்து தேடி அலையாமல் அன்றைக்கே கருப்பையை எடுத்துவிட வேண்டும்.

சிறுநீரக நோயில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிறுநீரகத்தின் வேலை மூன்றில் இரண்டு பங்கு போனதுமே மூத்திரம் நீர்த்துவிடும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதோ ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான். ஆகவே 'ரத்தம் சரியாக இருக்கிறது' என்று சொன்னாலும் சிறுநீர் அடர்த்தியைக் கேட்டு வாங்குங்கள்.

கால்சியம் ஏறினாலும் தாகம் எடுக்கும். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் கையை ஓட்டிப் பாருங்கள்; நெறிகட்டியிருந்தால் சொல்லுங்கள். நிணநீர்ப் புற்றும் ஆசனவாய்ச் சுரப்பிக் கட்டியும் கால்சியத்தை ஏற்றிவிடும்.

வலிப்புக்குக் கொடுக்கிற ஃபீனோபார்பிட்டால், இதயத்துக்குக் கொடுக்கிற ஃபுரோசமைட், இரண்டுமே தாகத்தைக் கூட்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிக் கிடந்து, வேறு பொழுதில்லாமல் குடிக்கிற நாயும் உண்டு. ஆனால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

க்ரீம் ட்யூபைக் கேளுங்கள்

மேலே சொன்னது எதுவும் இல்லை. வயதான நாய், வயிறு பானை மாதிரித் தொங்குகிறது, இரண்டு விலாவிலும் ஒரே சீராக முடி கொட்டி, தோல் காகிதம் போல் மெலிந்திருக்கிறது, நிழலில் படுத்தும் இரைக்கிறது, தின்றது போதவில்லை என்று குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது. இது குஷிங் நோயாக இருக்கலாம். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளவுக்கு மேல் கொட்டுகிறது. ஆனால் பரிசோதனைக்குப் போகும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி: "சொறிக்கு என்ன தடவினீங்க?"

பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அக்கா ஒருவர் பிளாக்கியைக் கூட்டிவந்தார், மேலே எழுதியதெல்லாம் அப்படியே அதனிடம் இருந்தது. "ஒண்ணும் போடலையே ஐயா" என்றார். கொஞ்சம் கிளறியபோது வெளியே வந்தது: கடையில் வாங்கிய பெட்டாமெத்தசோன் க்ரீம், ஆறு மாதத்துக்கு மேலாக, அரிப்பு வரும்போதெல்லாம். அதற்கு நடுவில் யாரோ கொடுத்த 'அரிப்பு மாத்திரை' வேறு, வெள்ளை வில்லை, பெயர் இல்லாத பொட்டலத்தில். நாயின் சுரப்பியில் ஒரு குறையும் இல்லை, நோய் ட்யூபிலிருந்து வந்தது.

அந்த க்ரீம் ஒரு ஸ்டீராய்டு, கார்ட்டிசோலைப் போலவே வேலை செய்கிற மருந்து. ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, க்ரீம், காதுச் சொட்டு மருந்து எல்லாமே இதில் சேரும். பெயர் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், டிரையம்சினோலோன் என்று எப்படியும் இருக்கும். உங்கள் கையில் நீங்கள் தடவிய க்ரீமை நாய் நக்கினாலும் உள்ளே போகிறது. முட்டி வலிக்கு வாங்குகிற சில ஜாமு (மலாய் நாட்டு மருந்து) உருண்டைகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதாக அரசாங்கம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மிச்சத்தை நாய்க்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

கண்டுபிடித்த கோபத்தில் அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசோலே இல்லாமல் நாய் சரிந்துவிடும். டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

ஸ்டீராய்டு எதுவும் போகவில்லை என்று உறுதியானால்தான் உண்மையான குஷிங்கைத் தேடலாம். பத்தில் எட்டுக்கு மேல் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் வருகிற சின்னக் கட்டியால், மீதி அட்ரினலிலேயே வருகிற கட்டியால். முதலில் மலிவான வழி, காலைச் சிறுநீரில் கார்ட்டிசோலுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். கிளினிக்குப் போய்வந்த பதற்றம் அடங்க இரண்டு நாளாவது விட்டு, வீட்டிலேயே பிடியுங்கள். விகிதம் சாதாரணமாக இருந்தால் குஷிங் இல்லை என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். கூடியிருந்தால் அது குஷிங்தான் என்று சொல்ல முடியாது. வேறு நோய், பயம், எதிலும் கூடும்.

அடுத்தது டெக்ஸாமெத்தசோன் குறைந்த அளவுச் சோதனை. ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, நாலு மணி நேரத்திலும் எட்டு மணி நேரத்திலும் மறுபடி எடுப்பார்கள். நம் பக்கத்திலிருந்து ஈப்போவுக்குக் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். ஒருநாள் லீவு போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனில் இரண்டு அட்ரினலையும் பார்த்தால் கட்டி எந்தப் பக்கம் என்று தெரியும். அட்ரினல் கட்டிக்கு அறுவை என்று பேச்சு வந்தால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனை மாதிரிப் பெரிய இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு மருந்து டிரைலோஸ்டேன். சோற்றோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. கேப்சூலை வீட்டில் பிரித்துப் பங்கு போடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடவே வேண்டாம். ஆரம்பித்து பத்து முதல் பதினான்கு நாளுக்குள் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அன்று காலையும் மருந்தைச் சோற்றோடு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர் குடிப்பது ஒன்றிரண்டு வாரத்திலேயே இறங்கும். முடி முளைக்க மாதக்கணக்கு ஆகும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வயதான நாய், தொந்தரவு லேசாக இருக்கிறது என்றால் மருந்து ஆரம்பிக்காமல் கவனித்துக்கொண்டிருப்பதும் தவறில்லை. இது பணம் தின்கிற நோய். மருந்து விலையோடு பரிசோதனைச் செலவையும் சேர்த்து முதலிலேயே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனிப்பு நீர் நாய்க்கு இன்சுலினை ஏற்றிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், பின்னால் குஷிங் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தைராய்டு குறைவும் குண்டாவதையும் முடி கொட்டுவதையும் கொண்டுவரும், ஆனால் தாகத்தைக் கொண்டுவராது. இன்னொன்று, வேறு எந்த நோய் இருந்தாலும் ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைந்து காட்டலாம். தாகம் எடுக்கும் நாய்க்கு டி4 மட்டும் பார்த்துவிட்டு தைராய்டு மாத்திரை எழுதினால், இன்னொரு டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்திரம் பச்சைத் தண்ணீராகவே வந்து, எல்லாச் சோதனையும் சரியாக இருந்தால் டயபெட்டிஸ் இன்சிபிடஸ் என்ற அபூர்வ நோயை யோசிப்பார்கள். மூளையிலிருந்து வரும் தண்ணீர் அடக்கும் ஹார்மோன் இல்லாமை அது. டெஸ்மோபிரெஸ்ஸின் சொட்டு கொடுத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீரை நிறுத்திச் சோதிக்கிற பழைய முறையை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

தலைகீழ் நோய்

அடிசன் நோயில் அட்ரினல் சோம்பிவிடும். குஷிங் மருந்து அளவு கூடிப் போனாலும் இதே நிலைதான். பெரும்பாலும் இளம், நடுவயதுப் பெண் நாய்களுக்கு வரும். தாகம் எடுக்கும், ஆனால் அதைவிட முக்கியமாக நாய் ஒரு வாரம் நன்றாக இருக்கும், ஒரு வாரம் வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, கிளினிக்கில் ஒரு பாட்டில் தண்ணீர் ஏற்றினால் எழுந்து ஓடும், மறுபடி படுக்கும். வயிற்றுக் கோளாறு என்றே மாதங்கள் போய்விடும். ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறி, இரண்டின் விகிதம் 27க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள்; ஏசிடிஎச் (அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டு கார்ட்டிசோல் எழும்புகிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். பொட்டாசியம் அதிகம் ஏறினால் இதயம் நின்றுவிடும், அதனால் நாய் சரிந்து விழுந்தால் அதைவிட அவசரம் வேறில்லை.

கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் கைக்கு அடங்கியதுதான். உப்பைப் பிடித்து வைக்க ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை அல்லது மாதம் ஒருமுறை போடும் ஊசி, அதோடு சின்ன அளவில் தினமும் பிரெட்னிசோலோன். இந்த மாத்திரையை மட்டும் தீர்ந்துபோக விடாதீர்கள். பயமும் அலைச்சலும் வரும் நாளில் இந்த நாயின் உடம்பு தானாக கார்ட்டிசோலைக் கூட்டிக்கொள்ளாது, நாம்தான் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி, மாத்திரை டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். தீபாவளிக்கு லயத்தில் பட்டாசு வெடிக்க ஆரம்பிப்பதற்கு முன், சாயங்காலமே அந்தக் கூடுதல் மாத்திரையைக் கொடுத்து, நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.